எந்தத் தொல்லை தாங்கும்? வேலை நாய் இனங்களில் வீட்டுக்கு ஒன்றைத் தேர்வது

நாய் இனப் பட்டியல்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'புத்திசாலி, விசுவாசி, குழந்தைகளிடம் பாசமாக இருக்கும்.' மேலே எந்த இனத்தின் பெயரை எழுதினாலும் இந்த வரி பொருந்திப்போகும். அதனாலேயே அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. உருப்படியான கேள்வி வேறு. இந்த நாய் கூடவே எந்தத் தொல்லையைக் கொண்டுவரும், அதை ஒரு பன்னிரண்டு வருடம் உங்களால் பொறுத்துக்கொள்ள முடியுமா?

நல்ல குணம், கெட்ட பழக்கம் என்று பிரித்துப் பேசுவது நாம்தான். நாயிடம் இரண்டும் ஒன்றே. ஆட்டுக்கிடையைக் காக்கும் நாய் ராத்திரியெல்லாம் குரைக்கும். அதன் காவலே அந்தக் குரைப்புதான். பீகிள் கூப்பிட்டால் திரும்பாது. முயல் தடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஆளிடம் ஓடிவந்த பீகிளிடம் குட்டி எடுக்க எந்த வேட்டைக்காரரும் விரும்பியதில்லை. ஆகவே ஓர் இனத்தை எடைபோடும்போது, அதன் முன்னோர் என்ன வேலை செய்து சோறு தின்றன என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

வேட்டையைத் துண்டு போட்டால்

ஓநாயின் வேட்டையைப் படிப்படியாகப் பிரிக்கலாம். இரையைக் கண்டுகொள்வது, கண்ணெடுக்காமல் வெறிப்பது, பம்மி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கடித்துக் கொல்வது, கிழித்துத் தின்பது. வேலை நாய்களை ஆராய்ந்த ரேமண்ட் காப்பிஞ்சரும் லோர்னா காப்பிஞ்சரும் இந்த வரிசையை வைத்துத்தான் இனங்களை விளக்கினார்கள். மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது, இந்தச் சங்கிலியில் சில கண்ணிகளைப் பெருக்கி, சிலவற்றை அடக்கியதுதான்.

பார்டர் கோலியில் வெறிப்பதும் பம்முவதும் துரத்துவதும் பெருத்து, கொல்வது அடங்கியிருக்கிறது. பாயின்டர் கண்டுகொண்ட இடத்தில் சிலையாக நின்றுவிடும். ரிட்ரீவருக்குக் கவ்வுவதே உயிர், ஆனால் கவ்விய பறவையின் மேல் பல் பதியக்கூடாது. டெரியரிடம் கொல்வது வரை சங்கிலி முழுசாக இருக்கிறது. கிடைக்காவல் நாய்களிடம் இந்தச் சங்கிலியே ஏறக்குறைய இல்லை. இருந்தால் அது காக்க வேண்டிய ஆட்டையே துரத்தும்.

இதோடு இன்னோர் அளவுகோலும் வேண்டும். நாய் உங்கள் முகத்தைப் பார்த்து வேலை செய்யுமா, தன் முடிவைத் தானே எடுக்குமா? கோலி, ஜெர்மன் ஷெப்பர்டு, லேப்ரடார் ஆகியவை சைகைக்கும் குரலுக்கும் காத்திருந்து வேலை செய்தவை. ஹவுண்டு, ஹஸ்கி, கிடைக்காவல் நாய் ஆகியவை ஆள் பார்வைக்கு எட்டாத தூரத்திலும் இருட்டிலும் தாமாக முடிவெடுத்தவை. இரண்டாம் வகையை 'முட்டாள் நாய்' என்று திட்டுபவர்கள் உண்டு. முட்டாள்தனம் இல்லை, உங்களைக் கேட்டுச் செய்யும் பழக்கம் அதன் ரத்தத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்கள் தந்த விவரங்களையும் 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணு வரிசையையும் சேர்த்துப் பார்த்தது. நாய்க்கு நாய் நடத்தை வேறுபடுவதில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம் மட்டுமே என்றது. மனிதரின் கட்டளைக்கு இணங்கும் குணத்தில் இனத்தின் கை ஓங்கியிருந்தது. சீண்டினால் எவ்வளவு சீக்கிரம் கோபப்படும் என்பதில் இனத்தை வைத்துச் சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. எனவே, கீழே இனத்தைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொன்றையும் 'இப்படி இருக்க வாய்ப்பு அதிகம்' என்றே படிக்க வேண்டும். கையில் வரும் குட்டி எப்படி இருக்கும் என்பதை அதன் தாய் தகப்பனும் முதல் மூன்று மாதமும் பெரும்பாலும் தீர்மானித்துவிடும்.

ஒரே ஆட்டு மந்தை, நேரெதிர் நாய்கள்

மேய்ச்சல் நாயையும் கிடைக்காவல் நாயையும் 'ஆட்டு நாய்' என்று ஒரே பெயரில் அழைப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. ஒன்று ஆட்டை ஓட்டுவது, மற்றது ஆட்டோடு படுப்பது. குணத்தில் இவ்வளவு தூரம் விலகிய இரண்டு வேலை நாய்களைக் காண்பது அரிது.

இன்றைய பார்டர் கோலிகளின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், 1893இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் வளர்த்த ஓல்டு ஹெம்ப் என்ற நாயில் போய் நிற்கும். குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலேயே ஆட்டை நகர்த்தியது என்பதே அதன் பெருமை. அந்தப் பார்வையை வீட்டுக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஐந்து மாதக் குட்டி ஒன்றைக் கவனித்தால் தெரியும். கூடத்தில் குழந்தை ஓடுகிறது. குட்டி தலையைத் தோளுக்குக் கீழே இறக்கி, ஒரு முன்காலைத் தூக்கியபடி உறைகிறது. குழந்தை திரும்பியதும் அரைவட்டமாகச் சுற்றி முன்னால் போய் மறிக்கிறது. குழந்தை சிரித்துக்கொண்டு வேகமாக ஓடினால் குதிகாலில் ஒரு கடி. யாரும் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. அடித்து நிறுத்தவும் முடியாது. அடி வாங்கிய கோலி அதே வேலையை நீங்கள் பார்க்காதபோது செய்யும், அல்லது மொத்தமாகப் பயந்து ஒடுங்கிவிடும். உறைந்து நிற்கும் அந்த நொடியிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் வாயில் பொம்மையைக் கொடுத்து வேறு பக்கம் திருப்புவதே வழி. துரத்தல் தொடங்கிவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது.

ஓட்ட ஆடு இல்லாத கோலி நகர்வது எதையும் ஆடாக்கிக்கொள்ளும்: சைக்கிள், கார் சக்கரம், சுவரில் நகரும் நிழல், டார்ச் வெளிச்சம். லேசர் புள்ளியைக் காட்டி விளையாடுவது இந்த இனத்துக்குச் செய்யும் பெரிய கெடுதல். துரத்தலாம், கவ்வ முடியாது. சங்கிலி முடிவடையாமல் அந்தரத்தில் நிற்கும். சில வாரத்தில் நாய் நாளெல்லாம் சுவரை வெறிக்கத் தொடங்கும், அதை மாற்றுவது படுகஷ்டம்.

அதிகம் பேர் செய்யும் தவறு இன்னொன்று: ஆற்றலைத் தீர்க்கிறோம் என்று தினமும் இரண்டு மணி நேரம் பந்து எறிவது. ஆறு மாதத்தில் கையில் இருப்பது மூன்று மணி நேரம் ஓடக்கூடிய, ஓய்வெடுக்கத் தெரியாத விளையாட்டு வீரர். வளர்ந்த கோலிக்கு ஒரு நாளில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேர வெளிநடை சரி. அதில் பந்து பத்து நிமிடம் போதும். ஒளித்து வைத்த பொருளை மோந்து தேடுவது இருபது நிமிடம், ஐந்தைந்து நிமிடப் பயிற்சி நாலு தடவை, அதன் மேல் 'பாயில் படு' என்றால் அரை மணி நேரம் சும்மா படுத்திருக்கும் பழக்கம். இந்தக் கடைசிப் பாடம்தான் வீட்டைக் காப்பாற்றும். நாலு மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

கோலி குடும்பத்தை நினைப்பவர்கள் ஒரு மருத்துவ விவரத்தைக் கால்நடை மருத்துவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். எம்டிஆர்1 என்ற மரபணுவில் கோளாறு உள்ள நாய்களுக்கு அதிக அளவு ஐவர்மெக்டினும் (ஒட்டுண்ணிக்கான மருந்து), மனிதருக்கான வயிற்றுப்போக்கு மருந்தான லோபரமைடும் மூளையைத் தாக்கும். நீண்ட மூக்கும் அடர்ந்த முடியும் கொண்ட ரஃப் கோலியில் பத்துக்கு ஏழு நாய்கள் இந்தக் கோளாறைச் சுமக்கின்றன. ஆஸ்திரேலியன் ஷெப்பர்டிலும் மிகப் பரவலாக உண்டு, பார்டர் கோலியில் குறைவு. கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுத்து அனுப்பும் ஒரே பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கிடைக்காவல் நாய்க்கு வருவோம். கிரேட் பைரனீஸ், இத்தாலியின் மாரெம்மா, துருக்கியின் காங்கல் இந்த வகை. 40 முதல் 60 கிலோ, சில இன்னும் அதிகம். இவை காப்பது ஆட்டை மட்டுமல்ல, எதோடு வளர்ந்தனவோ அதை. ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் கடற்கரையை ஒட்டிய மிடில் தீவில் நரிகள் புகுந்து பென்குயின்களை அழித்து, 2005இல் பத்துக்கும் குறைவானவையே மிஞ்சின. 2006 முதல் மாரெம்மா நாய்களைத் தீவில் நிறுத்தினார்கள், எண்ணிக்கை மீண்டது. 2017இல் கடல் கொந்தளிப்பால் நாய்களைக் கொண்டுபோய் விட முடியாத நாட்களில் நரி மறுபடி நுழைந்து நூற்றுக்கும் மேற்பட்ட பென்குயின்களைக் கொன்றது. நாய் அங்கே நரியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கவில்லை. அதன் குரைப்பும் வாடையும் நடமாட்டமுமே வேலியாக இருந்தன. நமீபியாவில் 1994 முதல் சீட்டா பாதுகாப்பு நிதியம் பண்ணைகளுக்குக் காங்கல், அனடோலியன் வகை நாய்களைக் கொடுத்துவருவதும் இதே கணக்கில்தான்: ஆடு போகாவிட்டால் பண்ணைக்காரர் சீட்டாவைச் சுட மாட்டார்.

வேலைக்கு எடுப்பவர்கள் எட்டு வாரத்தில் குட்டியைக் கிடைக்குள் விட வேண்டும். தினமும் தொட்டுப் பழக்கி, கழுத்துவாரில் நடத்தி, நகம் வெட்ட விடப் பழக்குங்கள். கொஞ்சி வீட்டுக்குள் தூக்கிவரக் கூடாது. வழக்கமாகச் சிக்கல் வருவது ஆறு மாதத்துக்கும் பதினாலு மாதத்துக்கும் நடுவில். உடம்பு பெரிய நாய், மனசு குட்டி. ஆட்டுக்குட்டியின் காதை மென்று, ரோமத்தைப் பிடுங்கி விளையாடும். 'ஆட்டைக் கடிக்கிறது' என்று பலர் இந்த வயதில்தான் நாயைத் துரத்திவிடுகிறார்கள். இளங்குட்டிகளிடமிருந்து பிரித்து, முட்டித் தள்ளத் தெரிந்த வளர்ந்த ஆடுகளோடு விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். நம்பித் தனியே விட ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும்.

குடும்ப நாயாக? பெரிய வேலியிட்ட நிலமும், ராத்திரிக் குரைப்பைச் சகிக்கும் தூரத்தில் அண்டை வீடும் இருந்தால் யோசிக்கலாம். தன் வீட்டுக் குழந்தையிடம் மலைபோல் பொறுமையாக இருக்கும். அந்தக் குழந்தையோடு கட்டிப்புரண்டு விளையாட வரும் பக்கத்து வீட்டுப் பையனை அது எப்படிப் புரிந்துகொள்ளும் என்பதே பயம். அடுக்ககத்துக்கு எடுக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

காவலுக்கு என்று கேட்பவர்களுக்கு

ஜெர்மன் ஷெப்பர்டு, பெல்ஜியன் மாலின்வா, ராட்வைலர், டாபர்மேன் என்று நாலு பெயர் வரும். நாலும் ஒன்றல்ல.

ஜெர்மன் ஷெப்பர்டை 1899இல் மேக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் இனமாகப் பதிவு செய்தபோது அது மேய்ச்சல் நாய். பயிர் வரப்பின் ஓரமாக முன்னும் பின்னும் ஓடி, ஆடு விளைச்சலில் இறங்காமல் பார்க்கும் 'உயிருள்ள வேலி'. இன்றும் சுற்றுச்சுவர் ஓரமாகத் தடம் விழும்வரை நடப்பதும், குடும்பத்தில் ஒருவர் வேறு அறையில் இருந்தால் நிலைகொள்ளாமல் இரண்டு இடத்துக்கும் போய்ப் பார்த்துவருவதும் அந்தப் பழைய வேலைதான். சொல்பேச்சு கேட்கும், வீட்டாரிடம் ஒட்டிக்கொள்ளும், புதியவரைச் சந்தேகிக்கும். சந்தேகம் பயமாக மாறுவது இதன் பலவீனம். பயந்த ஷெப்பர்டு முன்னே வந்து குரைத்து, ஆள் திரும்பியதும் பின்னாலிருந்து கடிக்கும். இதைத் தைரியம் என்று நினைத்து ஊக்குவிப்பவர்கள் பிறகு வருந்துவார்கள். உடம்பில் இடுப்பு மூட்டுக் கோளாறு, முதுமையில் பின்கால் செயலிழக்கும் தண்டுவட நோய், உணவுக்குப் பின் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து. வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் மணிக்கணக்கு இல்லை, நிமிடக்கணக்கு. உடனே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மாலின்வா படையிலும் காவல்துறையிலும் ஷெப்பர்டின் இடத்தைப் பெருமளவு பிடித்ததற்குக் காரணம் உண்டு: எடை குறைவு, வேகம் அதிகம், கவ்வினால் விடாத பிடி, வேலையில் அலுக்காத வெறி. அதே காரணங்களுக்காகவே குடும்பத்துக்கு ஆகாது. ஷெப்பர்டு யோசிக்கும் நேரத்தில் மாலின்வா செய்து முடித்திருக்கும். பயிற்சியாளரோடு தினமும் வேலை செய்யப்போகும் ஆளுக்கு மட்டும் அது. படத்தில் சுவர் ஏறுவதைப் பார்த்து வாங்கியவர்கள் வீட்டில் அது ஏறும் சுவர் அவர்களுடையது.

ராட்வைலர் ஜெர்மனியின் ராட்வைல் ஊர்க் கசாப்புக்காரர்களின் மாட்டை ஓட்டி, வண்டி இழுத்த நாய். உடம்பால் தள்ளுவது அதன் மொழி. வந்து சாய்ந்து நிற்கும், இடுப்பால் இடிக்கும். நடை பழகும் குழந்தை விழுந்துவிடும். நல்ல பரம்பரையில் வந்த ராட்வைலர் ஷெப்பர்டைவிட நிதானமானது, தேவையின்றிக் குரைக்காது. ஆனால் 50 கிலோ நாய் ஒருமுறை தவறினால் அதன் விலை வேறு. ஆயுளும் குறைவு, பத்து வருடம் தாண்டினால் அதிர்ஷ்டம். டாபர்மேன் நாலிலும் ஆளோடு அதிகம் ஒட்டுவது, பயிற்சிக்கு வேகமாகப் பதில் சொல்வது. அதன் குறை இதயத்தில் இருக்கிறது: இதயத் தசை விரிந்து பலவீனமாகும் நோய் ஐரோப்பிய டாபர்மேன்களில் வாழ்நாளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு வந்ததாக ஜெர்மனியில் நடந்த ஆய்வு காட்டியது. வளர்ப்பவர் 24 மணி நேர இதயப் பதிவும் எக்கோவும் காட்டாவிட்டால் வாங்க வேண்டாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாதாரண வீட்டுக்குத் தேவைப்படும் காவல், ஆள் வந்தால் குரைப்பது மட்டுமே. அதை 12 கிலோ நாட்டு நாயும் செய்யும். ஆளைக் கடிக்கும் நாய் வேண்டும் என்பவர், அது தபால்காரரையும் கடிக்கும் நாளுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

லேப்ரடாரா, கோல்டனா?

பார்வையற்றோர் வழிகாட்டி வேலைக்கு லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் இரண்டையும், இரண்டின் கலப்பையும் அதிகம் எடுக்கிறார்கள். புதிய ஆளும் புதிய இடமும் புதிய சத்தமும் இவற்றை அசைப்பதில்லை. குடும்பத்துக்கும் வேண்டியது அதுதான். வித்தியாசம் நுட்பமானது. லேப் முரட்டு உற்சாகம். எட்டு மாதத்தில் விருந்தாளியின் நெஞ்சில் இரண்டு காலையும் வைக்கும். கோல்டன் மென்மை, அதட்டலுக்குச் சுருங்கிப்போகும். கோல்டனுக்கு வாரம் மூன்று முறை முடி வாருவது கட்டாயம், காதுக்குப் பின்னும் தொடையிலும் சடை விழும். லேபுக்குச் சடை விழாது. பதிலாக ஊசிபோல் குட்டை முடி சோபாவில் குத்தி நிற்கும், தூசி உறிஞ்சியாலும் எளிதில் வராது.

லேபின் தொல்லை சாப்பாடு. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், பாம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பது லேபின் தீராப் பசிக்கு ஒரு காரணம் என்று கண்டார்கள். ஏறக்குறைய நாலில் ஒரு லேபிடம் அது இருந்தது. உதவி நாய்களாக வளர்த்தவற்றில் நாலில் மூன்றில். ஏன் என்று ஊகிப்பது கடினமில்லை. தின்பண்டத்துக்காக எதையும் கற்றுக்கொள்ளும் நாயைத்தான் பயிற்சிக்குத் தேர்ந்தெடுப்போம். உங்கள் வீட்டில் அதே பசி குப்பைத்தொட்டியைத் திறக்கும், சோளக் கதிரின் தக்கையை விழுங்கிக் குடலை அடைக்கும்.

ஆகவே லேபுக்குக் கண்ணளவில் போடவே கூடாது. 30 கிலோ நாய்க்குப் படுத்திருக்கவே நாளைக்குச் சுமார் 900 கிலோகலோரி வேண்டும். கருத்தடை செய்த, வளர்ந்த வீட்டு நாய்க்கு அதன் 1.6 மடங்கு, அதாவது 1,440. தீனி மூட்டையில் 100 கிராமுக்கு 360 என்று போட்டிருந்தால் நாளைக்கு 400 கிராம், இரண்டு வேளையாக. பயிற்சியின்போது கொடுக்கும் துணுக்குகளும் இதில் அடக்கம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விலாவைத் தடவிப் பாருங்கள். விரலை நீட்டிப் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுமோ அப்படித் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கையைத் தொடுவதுபோல் மெத்தென்று இருந்தால் 10 சதவீதம் குறையுங்கள். மூட்டு வலிக்கு மருந்து தேடுவதைவிட இது சுலபம்.

கோல்டனின் பெரிய துக்கம் புற்றுநோய். அமெரிக்காவில் 2012இல் தொடங்கி 3,000க்கும் மேற்பட்ட கோல்டன்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வு நடப்பதே அதற்காகத்தான். 2013இல் வந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு, ஒரு வயதுக்கு முன் விதை நீக்கிய ஆண் கோல்டன்களில் மூட்டுக் கோளாறு கூடுவதையும் காட்டியது. பெரிய இனங்களில் கருத்தடையை எப்போது செய்வது என்று மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம். ஆறு மாதத்தில் எல்லாருக்கும் ஒரே கணக்கு என்பது பழைய பழக்கம்.

முதல் நாய் வாங்கும், பள்ளி வயதுக் குழந்தையுள்ள குடும்பத்துக்கு என் தேர்வு கோல்டன், முடி வார நேரம் இருந்தால். இல்லையெனில் கண்காட்சிப் பரம்பரை லேப். வேட்டைப் பரம்பரை லேப் மெலிந்து, சுறுசுறுப்பாக, கோலியின் பாதி வேலையைக் கேட்கும். பெயர் ஒன்று என்பதால் ஏமாற வேண்டாம்.

மூக்கை நம்புவது, கண்ணை நம்புவது

பீகிள் சிறியது, அழகானது, சாதுவானது, ஆகவே அடுக்ககத்துக்கு ஏற்றது என்பது பரவலான நம்பிக்கை. 'ஆகவே' வரை எல்லாம் உண்மை. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் பயணிகளின் பைகளில் ஒளித்துவரும் பழத்தையும் இறைச்சியையும் பிடிக்க அமெரிக்க வேளாண் துறை பீகிள்களைத் தேர்ந்தெடுத்தது. மூக்கும், யாரையும் பயமுறுத்தாத உருவமும் காரணம். ஆனால் கூட்டமாக ஓடி, தூரத்து ஆளுக்குக் கேட்கும்படி நீண்ட ஊளையிட்டுத் தடம் சொல்வது அதன் வேலை. வீட்டில் தனியாக ஆறு மணி நேரம் விட்டால் அந்தக் குரலை மொத்தக் கட்டடமும் கேட்கும். திறந்தவெளியில் வாரை அவிழ்க்கவே கூடாது. பத்து மீட்டர் நீள வார்தான் அதன் சுதந்திரம்.

கிரேஹவுண்டைப் பார்த்து எல்லாரும் எதிர்மாறாக நினைப்பார்கள். மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் நாய்க்கு எவ்வளவு ஓட்டம் வேண்டுமோ! உண்மையில் அது அரை நிமிட ஓட்டக்காரர், மிச்ச நேரம் மெத்தைவாசி. நாளைக்கு இரண்டு இருபது நிமிட நடை, வாரம் இரண்டு மூன்று முறை வேலியிட்ட இடத்தில் ஓட்டம், இவ்வளவு போதும். குரைப்பது அபூர்வம். சலுகி, சிப்பிப்பாறை போன்ற மற்றப் பார்வை வேட்டை நாய்களுக்கும் இந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தும். அவற்றின் தொல்லை மூன்று. ஓடும் சிறு பிராணியைக் கண்டால் காது அடைத்துவிடும், பூனை உள்ள வீட்டில் முன்கூட்டிச் சோதிக்காமல் எடுக்கக்கூடாது. தோல் காகிதம்போல் மெல்லியது, முள்கம்பியில் உரசினால் தையல்தான். உடம்பில் கொழுப்பு இல்லாததாலும் கல்லீரல் சில மருந்துகளை மெதுவாக உடைப்பதாலும் தயோபென்டால் வகை மயக்க மருந்திலிருந்து மீள வெகுநேரம் ஆகும். அறுவைக்கு முன் மருத்துவருக்கு நினைவூட்டுங்கள்.

அடுக்ககத்தில் இருந்துகொண்டு பீகிளா கிரேஹவுண்டா என்று யாரேனும் கேட்டால் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன்.

மற்றவை சுருக்கமாக. டெரியர்: வளைக்குள் நுழைந்து, தான் எங்கே இருக்கிறது என்று மேலே நிற்கும் ஆளுக்குத் தெரியக் குரைத்த நாய்; தோட்டத்தைத் தோண்டும், குரைக்கும், வளர்ப்பு முயலைக் கொல்லும். ஹஸ்கி: 1925இல் அலாஸ்காவின் நோம் ஊருக்குத் தொண்டை அடைப்பான் மருந்தைப் பனிவண்டியில் தொடர் ஓட்டமாகக் கொண்டுசேர்த்த கூட்டம், ஆளிடம் அன்பு, வேலி தாண்டுவதில் மேதை, காவலுக்குச் சுத்தமாக உதவாது. வெயில் பிரதேசத்தில் நாளெல்லாம் குளிர்சாதன அறையில் அடைத்து வளர்க்க வேண்டியிருந்தால், இரட்டை முடியை மழித்துச் சரிக்கட்ட நினைக்காமல் வேறு இனத்தைப் பாருங்கள். பக் போன்ற தட்டை மூக்கு இனங்கள் குணத்தில் தங்கம், மூச்சில் நோயாளி. டாஷ்ஹண்டு, சிவாவா: பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேள்விப்பட்டியலை வைத்து 2008இல் வந்த ஆய்வில், ஆளிடம் சீறுவதில் முன்வரிசையில் இருந்தவை இவையே. சின்ன வாய் என்பதால் யாரும் புகார் கொடுப்பதில்லை.

குட்டியைப் பார்க்கப் போகும்போது

இனத்தை முடிவு செய்த பிறகு, பரம்பரையைக் கேளுங்கள்: வேலைக்கா, கண்காட்சிக்கா? பிறகு தாயைப் பாருங்கள். குட்டிகளின் குணத்துக்குத் தாயைவிட நல்ல சாட்சி கிடையாது. நீங்கள் நுழைந்ததும் குரைத்து, உரிமையாளர் பேசியதும் அடங்கி, வந்து மோந்து பார்க்கும் தாய் என்றால் நல்லது. மூலையில் ஒளியும், அல்லது குட்டியைத் தொட விடாமல் உறுமிக்கொண்டே இருக்கும் தாயின் ஈத்தில் எடுக்க வேண்டாம். 'தாய் வேறு இடத்தில் இருக்கிறது' என்றால் திரும்பி நடக்கலாம். பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே இரண்டு வயதுக்குப் பிறகு எடுத்ததா என்று தேதியைப் பாருங்கள். ஒரு வயதுப் படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. டால்மேஷன்போல் வெள்ளை மிகுந்த இனங்களில் பிறவிச் செவிடு உண்டு. குட்டியின் பின்னால் சாவிக்கொத்தைப் போட்டுப் பார்ப்பது போதாது, தரை அதிர்வுக்கும் குட்டி திரும்பும். ஒரு காது மட்டும் கேளாததைக் கண்டுபிடிக்க மின்முனை வைத்துச் செய்யும் செவிச் சோதனைதான் வழி.

ஏழு வாரத்தில் குட்டியை மல்லாக்கப் படுக்கவைத்துக் குணம் கணிக்கும் சோதனைகளை அதிகம் நம்ப வேண்டாம். அன்றைக்குத் தூக்கக் கலக்கமா, பசியா என்பதை அவை காட்டும். கவனிக்க வேண்டியது வேறு. கரண்டி ஒன்று கீழே விழுந்தால் எல்லாக் குட்டியும் திடுக்கிடும். எது பத்து நொடியில் திரும்பி வந்து அந்தக் கரண்டியை மோந்து பார்க்கிறதோ, அது குடும்பத்துக்கு ஆகும்.

எட்டு வாரத்துக்கு முன் பிரிக்காதீர்கள். மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டு, பதினாலு வாரம் வரையே உலகத்தை 'இது சாதாரணம்' என்று பதித்துக்கொள்ளும் காலம். தடுப்பூசி முடியவில்லை என்று அதுவரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால், பதினாறு வாரத்தில் நோயில்லாத, ஆனால் குடையையும் ஊன்றுகோலையும் பார்த்து நடுங்கும் நாய் மிஞ்சும். தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு போய், நாளைக்கு ஒரு புது ஆள், ஒரு புது சத்தம், ஒரு புது தரை என்று காட்டலாம். காவல் இனங்களுக்கு இது இரட்டிப்பு அவசியம். 'யாரிடமும் பழகவிடாதே, அப்போதுதான் காவல் காக்கும்' என்ற அறிவுரை பயந்தாங்கொள்ளிக் கடிநாயை உருவாக்கும் நேர்வழி.

குட்டிக்காக ஒருவர் மூன்று மாதம் வீட்டில் இருக்க முடியாத குடும்பம், இரண்டு வயது தாண்டிய நாயை எடுப்பதே மேல். உடம்பும் குணமும் முடிந்த உருவில் தெரியும்; இனம் எது என்பதைவிட நாய் எது என்று பார்க்கலாம், கலப்பு நாயானாலும் கவலையில்லை. ஒருமுறை பார்த்து முடிவெடுக்காமல், மூன்று வெவ்வேறு நாளில் போய்ப் பாருங்கள்: ஒருமுறை தீனி வேளையில், ஒருமுறை தெரு நடையில், ஒருமுறை குழந்தையோடு. சாப்பிடும்போது அருகில் நடந்தால் தின்னும் வேகம் கூடுகிறதா, உடம்பு விறைத்துத் தட்டின் மேல் குனிகிறதா? அப்படியானால் சிறு குழந்தையுள்ள வீட்டுக்கு வேண்டாம். வாலை ஆட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பத் தின்றால் அடுத்த சோதனைக்குப் போகலாம். வந்த புதிதில் முதல் மூன்று வாரம் நாய் தன்னை அடக்கிக்கொண்டுதான் இருக்கும். அதுவரை விருந்தாளிகளை அழைக்காமல், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையோடு ஒரு நிமிடமும் தனியே விடாமல், நடுவே ஒரு தடுப்புக் கதவு போட்டு வையுங்கள்.